கண்ணாடி உடைஞ்சுதா டாட் காம்

அண்ணன் பெரியவன் மாடிப்படி ஏறி வருகிற சத்தத்திலேயே பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு முடிக்காமல் போகமாட்டான் என்று. சாதாரண நாளில் பாதிப் படியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு மழையைத் திட்டுவான். இன்று நிற்கவும் இல்லை, திட்டவும் இல்லை. குடையை வாசலில் விரித்தபடியே விட்டுவிட்டு உள்ளே வந்து, அவளுடைய மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளை தூங்கறாரா?" என்றான், குரலைத் தாழ்த்தி.

"இப்பத்தான் கண்ணை மூடினாரு."

பாப்பாவின் கணவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஊர் பல் விளக்குகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவான். அதனால் அந்த வீட்டில் பகல் முழுக்க எல்லாரும் ரகசியம் பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள். பால் கணக்குக்கூடக் கிசுகிசுப்பில்தான் தீரும்.

பாப்பா என்றால் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டியாயிற்று, கண்ணாடி போட்டாயிற்று, மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் பிறந்தவளை அப்பா கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. தம்பி சின்னவனின் மனைவிகூட மரியாதை குறையக் கூடாதென்று 'பாப்பா அண்ணி' என்று கூப்பிடுவாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். பாப்பாவுக்குப் பழகிவிட்டது.

குடும்பத் தொழில் வண்டிக் கண்ணாடி மாற்றுவது. கார், வேன், லாரி எதுவானாலும் முன்கண்ணாடி உடைந்தால் பழையதை அறுத்து எடுத்துவிட்டுப் புதியதைப் பதிக்க வேண்டும். ஒட்டியிருக்கிற பசையை அறுக்க மெல்லிய கம்பி ஒன்று உண்டு. வண்டிக்கு உள்ளே ஒருவன், வெளியே ஒருவன், ஆளுக்கொரு முனையைப் பிடித்து மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். ஒருவன் அவசரப்பட்டாலும் கம்பி அறுந்து மற்றவன் கையைப் பதம் பார்த்துவிடும். பெரியவனும் சின்னவனும் மீசை முளைத்த நாளிலிருந்து அப்படி இழுத்தவர்கள். புதுக் கண்ணாடி பதித்தபின் பசை இறுகுகிற வரைக்கும் வண்டிக் கதவை அறைந்து சாத்தக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடியை வெளியே தள்ளிவிடும். வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அந்தக் குடும்பத்தில் யாருமே எந்தக் கதவையும் அறைந்து சாத்துவதில்லை. பீரோவைக்கூட மெதுவாகத்தான் மூடுவார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. முடிவெட்டுகிறவனுக்கும் காய்கறி விற்கிறவனுக்கும் வந்த ஆளே மறுபடி வருவான். கண்ணாடிக்கு வந்தவன் நன்றி சொல்லிவிட்டு, இனிமேல் உங்கள் பக்கம் வரும்படி ஆகக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு போவான். ஆக, தினமும் புது ஆள் வேண்டும். அந்தப் புது ஆள் நடுரோட்டில், மடி முழுக்கக் கண்ணாடித் தூளோடு நின்றுகொண்டு போனைத் தட்டித் தேடுவான். அப்படித் தட்டினால் முதலில் வந்து நிற்பது 'கண்ணாடி உடைஞ்சுதா டாட் காம்'.

அது அப்பாவுடைய கேள்வி. கடைப் போன் அடித்தால் ஹலோ கிலோ எதுவும் கிடையாது, எடுத்த எடுப்பில் "கண்ணாடி உடைஞ்சுதா?" என்றுதான் கேட்பார். அதையே பெயராகப் பதிவு செய்யலாம் என்று தோன்றியது பாப்பாவுக்கு. "காத்துல இருக்கற பேருக்கு வருஷா வருஷம் வாடகையா?" என்று அப்பா முதலில் சண்டை பிடித்தார். பிறகு ஒரே நாளில் மூன்று வண்டி அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு வந்தபோது வாயை மூடிக்கொண்டார். பதிவு செய்கிறபோது உரிமையாளர் யார் என்று கேட்டது. கடை அப்பாவுடையது, கேள்வியும் அப்பாவுடையது. வேறு யார் பெயரைப் போடுவது? அப்பா பெயரைப் போட்டாள். அப்பா பெயரில் ஒரு மெயிலும் திறந்தாள்.

அந்த மெயிலுக்கு வருகிற கடிதங்களுக்கெல்லாம் பாப்பாதான் பதில் எழுதினாள், அப்பாவாக. ஆரம்பத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் தட்டினாள். போகப்போக அவர் என்ன சொல்வார் என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே, "இன்னைக்கு நான் யார் யாருக்கு என்னென்ன எழுதினேன், பாப்பா?" என்று கேட்பார். அவள் வாசித்துக் காட்டுவாள். "பரவால்லயே, நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்பார்.

போன வருஷ மழையில் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து அவள் கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஒரு கார்க்காரர் மூன்றாவது முறையாக எழுதியிருந்தார். பாவம், பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறாராம். பாப்பா பதில் எழுதி, கை பழக்கத்தில் அப்பா பெயரைக் கீழே போட்டு அனுப்பிவிட்டாள். அப்புறம் அடுத்த கடிதம். அதற்கடுத்தது. நிறுத்துவதற்கு ஒரு நாள் வரவே இல்லை. உண்மையைச் சொன்னால், நிறுத்த அவளுக்கு மனசும் வரவில்லை. அந்த மெயில் பெட்டிக்குள் அப்பா நன்றாகத்தான் இருந்தார்.

அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டது அதற்குப் பிறகு. மெயின் ரோட்டு ஷெட் பெரியவனுக்கு. வேன் இரண்டும், ஆள் இருக்கிற இடத்துக்கே போய் மாற்றுகிற வேலையும் சின்னவனுக்கு. கண்ணாடி தூக்குகிற ரப்பர்க் கிண்ணங்களைக்கூட ஆளுக்கு ஒரு ஜோடியாகப் பிரித்தார்கள். பாப்பா எனக்கு எதுவும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வேண்டுமா என்று யாரும் கேட்கவும் இல்லை. டொமைன் என்கிற அந்த இணையப் பெயர் யாருக்கு என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வருகிற அழைப்புகளை எப்போதும்போல பாப்பாவே எடுத்தாள். மழை பெய்தால் ஈரத்தில் பசை பிடிக்காது, கூரைக்குக் கீழே வா என்று ஷெட்டுக்கு அனுப்புவாள். வெயில் அடித்தால் முறை வைத்து ஆளுக்கொன்று. இரண்டு பேருமே அவள் மற்றவனுக்குத்தான் நல்ல வேலையாகக் கொடுக்கிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். அதனால் சரியாகத்தான் பிரிக்கிறோம் என்று அவளுக்கு நிம்மதி.

இந்த நேரத்தில்தான் அந்தப் பெரிய கம்பெனி வந்தது. ஊர் ஊருக்குக் கிளை வைத்திருக்கிறவர்கள். இங்கே கடை போடுவதற்கு முன்னால் இந்தப் பெயரை விலைக்குக் கேட்டார்கள். பெரியவனிடம் கேட்டார்கள், அவன்தானே மூத்தவன். பெயரோடு ஷெட்டையும் வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகவும், அவனையே மேலாளராக உட்கார வைப்பதாகவும் பேச்சு. கம்பெனியிலிருந்து பேசுகிற அம்மாள் இன்று அலுவலகம் மூடுவதற்குள் பெயர் கைக்கு வர வேண்டும் என்று கெடு வைத்திருந்தாள்.

"கம்ப்யூட்டரைத் திற" என்றான் பெரியவன்.

"தம்பிகிட்ட சொல்லிட்டியா அண்ணே?"

"முடியட்டும். முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

"முடிஞ்சப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்கு? அவன் போனே அடிக்காது."

"அவனுக்கு வண்டி இருக்கு, கை இருக்கு, வயசு இருக்கு. எனக்கு என்ன இருக்கு சொல்லு?" வலது கையை மேசை மேல் வைத்தான். மணிக்கட்டு வீங்கி, கட்டைவிரல் பக்கம் ஒரு முண்டு தள்ளியிருந்தது. "நேத்து ஒரு சின்னக் கார். ரெண்டு இழுப்பு இழுத்தேன், கம்பி கையில நிக்கல. கூலிக்கு வந்த பையன் என்னை ஒரு பார்வை பாத்தான் பாரு... நீயே சொல்லு பாப்பா, இன்னும் எத்தனை நாளைக்கு நான் இழுக்கறது?"

பாப்பா அந்த வீக்கத்தையே பார்த்தாள். அந்தக் கை அவளுக்குத் தெரியாதா. சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் உட்கார வைத்துப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடின கை. ஆனால் இந்தப் பெயர் போனால் சின்னவனின் வேன்கள் ஒரே மாதத்தில் வாசலில் நின்று துருப்பிடிக்கும் என்பதும் தெரியும். தன் பாடும் தெரியும். இந்த மேசையும் போனும் இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்தில் அவளுக்கு வேலையே இல்லை. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுகிற தங்கச்சி, அவ்வளவுதான்.

"உனக்கும் ஒரு பங்கு தரேன்னு சொன்னேனே" என்றான் அவன், அவள் பார்வையைத் தப்பாக எடுத்துக்கொண்டு.

"நான் கேட்டேனா?"

"கேக்கலன்னாலும் தருவேன். திற."

திறந்தாள். என்ன இருந்தாலும் அண்ணன். வாயைத் திறந்து முடியாது என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"நேரா கோடு நம்பர் எடுத்துக் கொடுத்துடறேன், பேரைக் கைமாத்தறதுக்கு ரகசிய எண் மாதிரி. அதைக் கொடுத்தா அவங்க தங்க பக்கம் மாத்திக்குவாங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"அந்தம்மாவும் அதான் சொன்னாங்க, கோடு மட்டும் போதும்னு" என்றான். எதையோ சொல்ல வெட்கப்படுகிறவன்போல வெளியே மழையைப் பார்த்தான். "இருந்தாலும் முதல்ல என் பேருக்கு மாத்து. அப்புறம் கோடு எடு."

"எதுக்கு அண்ணே? விக்கப்போற பேரு."

"ஷெட்டு அப்பா பேர்ல இருந்துச்சு. வேன் அப்பா பேர்ல. கடைப் போன்கூட அப்பா பேர்ல. முடி நரைச்சப்புறமும் எவன் வந்தாலும் 'ஓனர் இல்லையா?'ன்னுதான் கேட்டான். கைமாறிப் போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது என் பேர்ல இருக்கட்டுமே. அதுல உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

இந்த ஆசையை மட்டும் அடக்கியிருந்தால் காரியம் அரை மணியில் முடிந்திருக்கும். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு கோடு நம்பரை எடுத்துக் கொடுத்திருப்பாள், அப்புறம் சமையலறையில் போய் அழுதிருப்பாள். அப்பாவிடம் கேட்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

உரிமையாளர் என்கிற இடத்தில் அப்பா பெயரை அழித்துவிட்டு அண்ணன் பெயரைத் தட்டினாள். அவன் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலே குனிந்து, சரியாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தான். அமுக்கினாள். இரண்டு பேருக்கும் மெயில் போயிருக்கிறது, இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால்தான் மாறும் என்று திரையில் வந்தது.

பெரியவன் போனில் மணி அடித்தது. அவனுடைய மெயில். தன் மகன் சொல்லிக்கொடுத்தபடி திறந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சம்மதம் என்பதைத் தொட்டான். முகமெல்லாம் பல்.

"இன்னொண்ணு யாருக்குப் போயிருக்கு?"

"அப்பாவுக்கு" என்றாள் பாப்பா.

அப்பாவின் பெட்டியைத் திறந்தாள். மேலே புதிதாக ஒரு கடிதம். அன்புள்ள என்று போட்டு அப்பாவின் முழுப்பெயர். உங்களுக்குச் சொந்தமான இந்தப் பெயரைக் கீழ்க்கண்டவருக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பம் வந்திருக்கிறது, இதில் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தது. கீழே இரண்டு கட்டம். சம்மதிக்கிறேன். மறுக்கிறேன்.

பாப்பா மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அப்பாவாக அவள் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறாள். பசை எப்போது காயும், எந்த ரப்பர் போடுவார்கள், மழையில் வரலாமா கூடாதா என்று எதைக் கேட்டாலும் அவர் குரலிலேயே எழுதுவாள். ஆனால் பிள்ளைகளைப் பற்றி யாரும் அவரிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

"அமுக்கு."

"அப்பாகிட்ட கேக்குது அண்ணே."

"அப்பாதான் இல்லையே."

"இல்லாதவரு எப்படிச் சம்மதிப்பாரு?"

"ஏன், இல்லாதவருதானே போன வாரம்கூட லெட்டர் எழுதினாரு? இதுக்கு மட்டும் கை வரலையாக்கும்?"

அப்போது கீழே வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மழை நாளில் சின்னவனுக்கு வேலை இருக்காது. அவன் இந்த நேரத்தில் இங்கே வருகிற வழக்கமும் இல்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தான். உள்ளே நுழைந்து கதவை அறைந்து சாத்தினான்.

மூன்று பேரும் ஒரு கணம் அடுத்த அறையைப் பார்த்தார்கள். சத்தம் எதுவும் இல்லை.

"ஷெட்டு மேல ஒருத்தன் ஏணி போட்டு போர்டு அளவு எடுத்துட்டிருக்கான்" என்றான் சின்னவன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோபத்திலும் குரலை அடக்கித்தான் பேசினான். "யாருப்பான்னு கேட்டேன். கம்பெனி பேரைச் சொல்றான். அவனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. என்னண்ணே நடக்குது?"

"உக்காரு, சொல்றேன்."

"நின்னுக்கிட்டே கேக்கறேன்."

பெரியவன் சொன்னான். சொல்லச் சொல்ல சின்னவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மேசையைச் சுற்றி வந்து திரையைப் பார்த்தான். அண்ணன் பெயரைப் பார்த்தான்.

"அக்கா, நீயுமா?"

அது ஒரு வார்த்தைதான். பாப்பாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"அவளை ஏன் இழுக்கறே? நான் சொன்னேன், அவ செஞ்சா" என்றான் பெரியவன்.

"ஆமா, அவ என்னைக்குத்தான் சுயமா எதைச் செஞ்சிருக்கா? அக்கா, நான் சொல்றதைக் கேளு. இதை என் பேருக்கு மாத்து. நான் விக்க மாட்டேன். நீயும் எப்பவும்போல போன் எடுத்துக்கிட்டு இருக்கலாம். உன்னை நான் கைவிடுவேனா?"

"அடேங்கப்பா, பெரிய மனசுதான்! வேனும் உனக்கு, பேரும் உனக்கு, எனக்கு என்னடா? வெறும் தகரக் கூரையா?"

"ஷெட்டு வேணும்னு கேட்டு வாங்கினது யாரு? நானா?"

"கை போனவன் ரோட்டுல நின்னு வேலை பாக்க முடியுமாடா? அதனால கேட்டேன். அப்பா இருந்தா எனக்குத்தான் குடுத்திருப்பாரு. மூத்தவன் உக்காந்து சாப்பிடட்டும்னு சொல்லியிருப்பாரு."

"அப்பா இருந்தா விக்கவே விட மாட்டாரு. என் வாயில வந்த வார்த்தையை விலை பேசறியாடான்னு கட்டையை எடுத்திருப்பாரு."

அப்படியே போயிற்று. அப்பா இதைச் சொல்லியிருப்பார், அப்பா அதைச் சொல்லியிருப்பார். இரண்டு பேரும் அவரைத் தங்கள் தங்கள் பக்கம் இழுத்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள் இரண்டு பேருமே. இதெல்லாம் கிசுகிசுப்பில் நடந்ததால் இன்னும் கொடுமையாக இருந்தது. கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் வரவில்லை.

அடுத்த அறைக் கதவு திறந்தது. மாப்பிள்ளை லுங்கியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றான். அண்ணன் தம்பி இருவரும் சட்டென்று ஒழுங்காக நின்றார்கள்.

"மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, எழுப்பிட்டோம்" என்றான் பெரியவன்.

"கத்தியே பேசுங்க, பரவால்ல. மெதுவாப் பேசறதுதான் தொல்லை. என்ன பேசறீங்கன்னு காதைக் குடுத்துக் குடுத்தே தூக்கம் போச்சு." மேசை மேலிருந்த ரொட்டிப் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். மனைவியைப் பார்த்தான். "ஏன் ஒரு மாதிரி இருக்கே? உனக்கு என்ன வேணுமாம்?"

"என்னை யாரும் கேக்கல" என்றாள் பாப்பா.

"சரி, நான் கேட்டேன்னு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் குளியலறைப் பக்கம் போனான்.

பெரியவன் போன் அடித்தது. கம்பெனி அம்மாள். "இதோ ஆயிடுச்சும்மா, ஒரே ஒரு நிமிஷம், இங்க வீட்டுல ஒரு சின்ன கையெழுத்து பாக்கி" என்று குழைந்து பேசிவிட்டு வைத்தான். வைத்ததும் முகம் மாறிவிட்டது.

"பாப்பா, போதும். அமுக்கு."

"கொஞ்சம் யோசிக்க விடு அண்ணே."

"யோசிக்கறதுக்கு நீ யாரு? அவங்க கேக்கறது அப்பாவை. உன்னையா கேட்டாங்க? போன் எடுக்கறவதானே நீ? அவர் பேரைப் போட்டு நாலு லெட்டர் தட்டினா நீ அவராயிடுவியா?"

சின்னவனாவது அக்காவுக்குப் பரிந்து பேசியிருக்கலாம். அவன் வாயைத் திறந்தான். "அதைத்தானே நானும் சொல்றேன். அவளுக்கு என்ன தெரியும்? மறுத்துட்டு என் பேரைப் போடச் சொல்லு, போதும்."

பாப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவன் பங்கு தருகிறானாம், ஒருவன் கைவிடமாட்டானாம். இந்தப் பெயரைக் கண்டுபிடித்தது யார், வருஷா வருஷம் மறக்காமல் புதுப்பித்தது யார், பிரசவ வலி எடுத்த அன்றைக்கும் ஒரு லாரிக்காரனுக்குப் பதில் எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது யார் என்று ஒருவனுக்கும் நினைப்பில்லை. அவளுக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நல்ல கோபம், இத்தனை வருஷமாக எங்கே இருந்தது என்று தெரியாத கோபம்.

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டாள். மறுக்கிறேன் என்பதை அமுக்கினாள்.

பெரியவன் கையிலிருந்த போனில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தான். கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தான். முதலில் அப்பாவின் முழுப்பெயர். அதற்குப் பிறகு, அவர் தங்கள் விண்ணப்பத்துக்குச் சம்மதிக்கவில்லை என்று ஒரு வரி. அவன் அதைத் திரும்பப் படித்தான். வாய் திறந்தபடியே நின்றது. செத்துப்போன அப்பா மூத்த மகனுக்கு முடியாது என்று எழுதியிருந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டே" என்றான். குரலில் திட்டு இல்லை. அடி வாங்கின பையன் மாதிரி இருந்தது. ஆனாலும் பாப்பா கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

"அப்படிப் போடு அக்கா" என்றான் சின்னவன். "இப்ப என் பேரைப் போடு."

"உன் பேரும் இல்ல. நீ முதல்ல உக்காரு. வீடெல்லாம் தண்ணி." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அந்த வீட்டில் பகல் நேரத்தில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசிக் கேட்டதில்லை. சின்னவன் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு பேரும் கேளுங்க. இது என் பேர்லதான் இருக்கும். விக்க மாட்டேன்னு நான் சொல்லல. அண்ணன் கை எனக்குத் தெரியும், உன் வேனும் எனக்குத் தெரியும். விக்கறதா வெச்சிருக்கறதான்னு மூணு பேரும் உக்காந்து பேசுவோம். வித்தா மூணு பங்கு. விக்கலன்னா இந்த மேசை எனக்கு வேலை, நீங்க காட்டற தயவு இல்ல."

"அந்தம்மா அதுவரைக்கும் காத்திருப்பாங்களா?" என்றான் பெரியவன்.

"இந்தப் பேரு வேணும்னா காத்திருப்பாங்க. வேணாம்னா போகட்டும்."

"உன் பேருக்கு மாத்தணும்னாலும்..." அவன் போனைக் காட்டினான். குரலில் கொஞ்சம் ஏளனம் திரும்ப வந்திருந்தது. "அதுக்கும் அப்பா சம்மதிக்கணுமே?"

"சம்மதிப்பாரு" என்றாள் பாப்பா.

உரிமையாளர் என்கிற இடத்தில் தன் பெயரைத் தட்டினாள். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் இருந்த முழுப்பெயர். தட்டி முடித்துப் பார்த்தபோது யாரோ வேறு ஒருத்தியின் பெயரைப்போல இருந்தது. அப்பாவின் பெட்டிக்கு மறுபடி அதே கடிதம் வந்தது, அதே கேள்வியோடு. இந்த முறை கை தயங்கவில்லை; அப்பாவாகவும் தானாகவும் சம்மதிக்கிறேன் என்பதை அமுக்கினாள். மாற்றம் முடிந்தது என்று வந்ததும், என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இனிமேல் அப்பாவிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். மழை விட்டபாடில்லை.

பெரியவன் கம்பெனிக்குப் போன் போட்டான். "இல்லம்மா, இன்னைக்கு முடியாது. உரிமையாளர் ஒத்துக்கல." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவன் பாப்பாவைப் பார்த்தான். "என் தங்கச்சிம்மா. அவகிட்டத்தான் பேசணும். நம்பர் தரேன், எழுதிக்கோங்க." அந்த 'அவகிட்டத்தான்' அவன் வாயிலிருந்து சுலபமாக வரவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதென்று சொல்ல முடியாது. தீர நாளாகும். ஒருவேளை தீராமலே போகலாம். சின்னவனும் சந்தோஷமாக இல்லை. நடுவில் இருந்தவள் எப்போது எழுந்து நின்றாள் என்று புரியாதவன்போல விரலால் மேசையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

அப்பாவின் பெட்டியில் இன்னொரு கடிதம் வந்து விழுந்தது. சரக்கு ஏற்றும் கம்பெனி ஒன்றின் கணக்குப்பிள்ளை. கல் தெறித்து லாரிக் கண்ணாடி உடைகிற தொழில் என்பதால் திரும்பத் திரும்ப வருகிற ஒரே வாடிக்கை அவர்தான். ஐயா, சௌக்கியமா, மறுபடி ஒரு லாரி நிற்கிறது, இந்தத் தடவையாவது நீங்கள் நேரில் வந்தால் உங்களைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று எழுதியிருந்தார். மூன்று தடவையாக அவருக்கு ஒரே பதில்தான் போயிருந்தது. எனக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, பையனை அனுப்புகிறேன்.

பாப்பா விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டாள். வணக்கம், அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார். நான் அவருடைய மகள். மழை விட்டதும் ஆள் வரும். அதற்குக் கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள்.

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த பெரியவன் பதறினான். "போன வருஷம்னு போடாதே, பாப்பா. அப்ப இத்தனை நாள் எனக்குப் பதில் போட்டது யாருன்னு கேப்பாரு."

"கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அனுப்பினாள்.